சோதனைக்கென ஒரு நாள்

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் இல்லத்திற்கு ஓர் இளைஞர் வந்தார். நம்மோடு ஒரே மதரஸாவில் ஓதிய நண்பரின் மகன். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பொறியாளராகப் பணிபுரிபவர். ஸலாமும் நலம் விசாரிப்பும் தேநீரும் முடிந்தபின் சற்றே தயங்கி, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கலாமா?" என்றார். வட்டியோ, காப்பீடோ, பங்குச் சந்தையோ, இவற்றுள் ஒன்றைத்தான் கேட்கப் போகிறார் என்று நாம் எண்ணினோம். வெளிநாட்டிலிருந்து வரும் இளைஞர்கள் பெரும்பாலும் இவற்றையே கேட்பது வழக்கம். அவர் கேட்டதோ கார் பற்றிய வினா.

அவரிடம் பதினைந்து ஆண்டுப் பழமையுள்ள ஜப்பானியக் கார் ஒன்று இருக்கிறது. அதைத் தம் கையாலேயே பிரித்துப் பூட்டி, விரைவு மிகுந்ததாக மாற்றியிருக்கிறார். காற்று உறிஞ்சும் குழாயை மாற்றினார், சைலன்சரை மாற்றினார், புகையைத் தூய்மைப்படுத்தும் 'கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்' எனும் உறுப்பை அடியோடு கழற்றிவிட்டார், எஞ்சினை ஆளும் சிறு கணினியின் நிரலையும் மாற்றி எழுதினார். அந்த மாநிலத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை காரைப் புகைச் சோதனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சோதனைக்கு முந்தைய சனிக்கிழமை, பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய உறுப்புகளை எடுத்து மாட்டி, பழைய நிரலையும் ஏற்றிவிடுவார். சோதனையில் கார் தேறிவிடும். அடுத்த சனிக்கிழமை அவை மறுபடியும் பெட்டிக்குப் போய்விடும்.

"ஹஜ்ரத், நான் யாருக்கும் கையூட்டுக் கொடுக்கவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை. சோதித்தவர் கருவியில் கண்ட அளவு உண்மையான அளவு. அன்று அந்தக் கார் மெய்யாகவே தூய்மையாக இருந்தது. இதில் குற்றம் உண்டா?" என்றார்.

முதலில் நாம் சிரித்துவிட்டோம். பிறகுதான் இதற்குச் சட்டென்று விடை சொல்ல இயலாது என்பதை உணர்ந்தோம். பொய்யான சொல் ஒன்றேனும் இல்லாத இடத்தில் பொய் இருக்க முடியுமா? அவர் கேட்டது உண்மையில் இந்த வினாவே.

விடைக்குச் செல்லுமுன், அச்சோதனை அந்நாட்டில் ஏன் வந்தது என்பதை அறிதல் வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஒருபுறம் கடலும் மறுபுறங்களில் மலையும் சூழ்ந்த கிண்ணம் போன்ற நிலம். மேலே வெம்மையான காற்று மூடிபோல் கவிந்துகொண்டால் கீழே உள்ள காற்று வெளியேற வழியில்லை. 1943ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு நாள் அந்நகரை மூடிய புகைமூட்டத்தில் மக்களுக்குக் கண் எரிந்து நீர் வழிந்தது. போர்க்காலமாதலின் எதிரி நச்சு வாயு வீசிவிட்டானோ என்று அஞ்சியோரும் உண்டு. எதிரி வெளியே இல்லை, அவரவர் வீட்டு வாசலிலேயே நிற்கிறான் என்பதை 1950களின் தொடக்கத்தில் ஹாகன்ஸ்மித் எனும் வேதியியல் பேராசிரியர் நிறுவினார். எரிந்தும் எரியாமலும் வெளிவரும் எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கதிரவன் ஒளியில் கூடி ஓசோனாக மாறுகின்றன. கண்ணை எரிப்பதும் நெஞ்சை அடைப்பதும் அதுவே. 1966இல் அம்மாநிலம் புகைக்கு வரம்பு விதித்தது. 1975 முதல் கார்களில் அந்தக் கன்வெர்ட்டர் வந்தது. தேன்கூடு போன்ற பீங்கான் அறைகளில் பிளாட்டினம் போன்ற விலைமிக்க உலோகங்களைப் பூசியிருப்பர். நச்சுப் புகை அதனூடே செல்கையில் பெரும்பகுதி நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் நைட்ரஜனாகவும் மாறிவிடும். 1984இல் காலமுறைச் சோதனையும் தொடங்கிற்று. ஒருவர் காரில் அவ்வுறுப்பு இருக்கிறதா இல்லையா என்பது அவர் சொந்த விவகாரமன்று என்பதற்காகவே இவ்வளவும் சொன்னோம். கிண்ணத்தினுள் இருப்போர் அனைவரும் ஒரே காற்றையே உட்கொள்கின்றனர்.

இனி, அந்த இளைஞருக்கு நாம் கூறியதைக் கூறுவோம். ஃபிக்ஹு நூல்களின் வணிகப் பகுதியில் 'முஸர்ராத்' என்றொரு பாடம் உண்டு. மதரஸாவில் ஓதியோர் அறிவர், ஏனையோருக்காக விளக்குகிறோம். ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்க விரும்புபவன் சில நாட்கள் பால் கறக்காமல் விட்டுவிடுவான். மடி பெருத்துக் காம்பு விம்மி நிற்கும். சந்தைக்கு வருபவன் மடியைப் பார்த்து, 'இது நாள்தோறும் இவ்வளவு கறக்கும்' என்று நம்பி மிகுதியான விலை கொடுத்து ஓட்டிச் செல்வான். மறுநாள் கறந்தால் பாதிகூட இராது. இச்செயலை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அறியாமல் வாங்கியவன் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம் பழத்தோடு திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் வழி காட்டினார்கள். ஷாஃபிஈ இமாம்கள் இதை அவ்வாறே கொண்டனர். திருப்பிக் கொடுக்கும் உரிமை, ஈட்டின் அளவு இவற்றில் ஹனஃபி இமாம்களுக்கு வேறு கருத்துண்டு. ஆயினும் மடியை அப்படிக் கட்டிவைப்பது கூடும் என்று அவர்களுள் எவரும் சொன்னாரில்லை.

இதில் எண்ணிப் பார்க்கத்தக்கது யாதெனில், விற்றவன் ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. மடியில் இருந்தது மெய்யான பால், நீர் கலந்ததன்று. வாங்கியவன் அளந்து பார்த்திருந்தாலும் கண்ட அளவு சரியாகவே இருந்திருக்கும். பின் ஏமாற்றம் எங்கே இருந்தது? அந்த மடி இன்றைய பாலைப் பற்றி மட்டும் பேசவில்லை. நேற்றைப் பற்றியும் நாளையைப் பற்றியும் அது சாட்சி சொல்லுமாறு செய்யப்பட்டது. வாங்க வந்தவன் கேட்ட கேள்வி, 'இன்று எவ்வளவு?' என்பதன்று, 'நாள்தோறும் எவ்வளவு?' என்பதே. விற்றவன் வேறொரு கேள்விக்குரிய மெய்யான விடையை இக்கேள்விக்கு விடையாக நீட்டினான்.

"உம்முடைய காரும் சோதனை நாளன்று கட்டி வைத்த மடியே" என்றோம். சோதிப்பவர் அந்த அரைமணி நேரப் புகையைத் தெரிந்துகொள்ளும் ஆவலால் கருவியை நீட்டவில்லை. எழுநூற்று முப்பது நாட்களின் புகையை அறிய அவரிடம் அந்த அரைமணி நேரமே உண்டு.

இளைஞர் விடவில்லை. பொறியாளர் அல்லவா! "அங்கே வாங்கியவன் பணத்தை இழந்தான். நான் காரை யாருக்கும் விற்கவில்லையே. என்னால் இழந்தவர் யார்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. இதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் விடை இருக்கிறது. இஹ்யாவில் சம்பாத்தியம் பற்றிய பகுதியில், கொடுக்கல் வாங்கலில் நேரும் தீங்குகளை அவர்கள் இருவகையாகப் பிரிக்கிறார்கள்: குறிப்பிட்ட ஒருவரைத் தொடும் தீங்கு ஒன்று, பொதுமக்கள் எல்லாரையும் தொடும் தீங்கு மற்றொன்று. இரண்டாவதற்குக் கள்ள நாணயத்தை உதாரணமாகக் காட்டுகிறார்கள். அதைப் புழக்கத்தில் விட்டவன் முதல் ஆளை மட்டும் ஏமாற்றவில்லை. அது கைமாறிக் கைமாறிச் செல்லும். அவன் இறந்து மண்ணாகிய பின்னும் எவரோ ஒருவர் அதனால் இழப்பார். அந்தச் சுமையெல்லாம் முதலில் விட்டவன் கணக்கிலேயே சேரும். ஆதலால் கள்ள நாணயம் கைக்கு வந்தால் அதைக் கிணற்றில் எறிந்துவிட வேண்டும் என்கிறார்கள். இழந்தவனின் பெயரும் முகமும் தெரியாதது குற்றத்தைக் குறைப்பதில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட ஆளில்லை என்பதால் அது கூடுகிறது. ஒரு காரின் புகை எந்தக் குழந்தையின் இரைப்புக்குக் காரணம் என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. கள்ள நாணயத்தின் கதையும் அதுவேயாம்.

இந்த இடத்தில் இளைஞரே ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் பெயரை எடுத்தார். அச்செய்தியை நம் வாசகர் பலரும் அறிந்திருப்பர். அந்த ஜெர்மானிய நிறுவனம் தன் டீசல் கார்களின் கணினியில் ஒரு நிரலை ஒளித்து வைத்திருந்தது. ஸ்டியரிங் எப்படித் திரும்புகிறது, வேகம் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பன போன்ற குறிப்புகளைக் கொண்டு, கார் இப்போது சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓடுகிறதா, சாலையில் ஓடுகிறதா என்பதை அது கண்டறியும். சோதனை என்றால் புகையை அடக்கும். சாலை என்றால் அவிழ்த்துவிடும். 2013இல் மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தார் அளவுக் கருவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தபோதுதான் வேறுபாடு புலப்பட்டது. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைப் பகிரங்கப்படுத்திற்று. நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல் நாற்பது மடங்குவரை வெளிப்பட்டது என்றது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அந்த நிரல் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்றது.

"அவர்கள் செய்தது அயோக்கியத்தனம் ஹஜ்ரத்" என்றார் இளைஞர். சொல்லிவிட்டுத் தாமே மௌனமானார். அவர் சனிக்கிழமைதோறும் கையால் செய்ததை அவர்கள் நிரலால் செய்தார்கள். வேறுபாடு இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 'தூய்மையான டீசல்' என்று விளம்பரம் செய்து இலட்சக்கணக்கானோரிடம் காசு வாங்கிய வணிகனையும், தன் கைவேலையில் மகிழும் ஓர் இளைஞரையும் ஒரே தட்டில் வைப்பது நீதியாகாது. ஆனால் தட்டுகள் வேறாயினும் தராசு ஒன்றே.

கார்களை மாற்றியமைப்பதே பாவம் என்று நாம் சொல்வதாக எவரும் கருதிவிடக் கூடாது. பொருளைத் திருத்தி மேம்படுத்துவது மனிதனுக்கு அல்லாஹ் அளித்த அறிவின் இயல்பு. நம் உறவினர் ஒருவருக்குக் கால்கள் இரண்டும் இயங்கா. பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் கையாலேயே இயக்குமாறு மாற்றிய காரில் அவர் ஜும்ஆவுக்குத் தாமே ஓட்டி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் நம் உள்ளம் குளிரும். நம் நாட்டு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பினின்றும் வாகனத்தை மாற்றுதலைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்புடன் உறுதி செய்தது. ஆயினும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றத்துக்கும், அங்கீகாரம் பெற்ற எரிவாயுச் சாதனம் பொருத்துதற்கும் சட்டத்திலேயே வழி உண்டு. கலிஃபோர்னியாவிலும் அப்படித்தானாம். புகையைக் கூட்டாது என்று ஆய்ந்து எண் வழங்கப்பட்ட உறுப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. வேறு எஞ்சினே பொருத்திய காராயினும், அதற்கென்று உள்ள நடுவரிடம் கொண்டு சென்று உள்ளதை உள்ளபடி காட்டினால், அவர் பரிசோதித்துத் தகுதியானால் சான்று வில்லை ஒட்டித் தருகிறார். செலவும் அலைச்சலும் மிகுதி; வேகம் சற்றுக் குறையும். இளைஞர் இவ்வழியை அறிந்தே இருந்தார்.

அதே மாநிலத்தில் 2021 ஜூலை முதல் சோதனையின்போது கார்க் கணினியின் நிரலையும் படித்துப் பார்க்கத் தொடங்கினர். அதன் பின்னரே நம் இளைஞர் பழைய நிரலையும் ஏற்றக் கற்றுக்கொண்டார். விதி ஓர் அடி வைத்தால் உபாயம் ஈரடி வைக்கிறது. சனிக்கிழமை மீன்பிடித்தல் தடுக்கப்பட்ட கடலோர ஊரார் வெள்ளியன்றே வலையை விரித்து ஞாயிறன்று அள்ளிய வரலாற்றைத் தஃப்ஸீர்களில் ஓதியிருக்கிறோம். அவர்களும், 'சனிக்கிழமை நாங்கள் மீன் பிடிக்கவில்லையே' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நாம் நம் சாய்வு நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்திருக்கலாம். இயலவில்லை. அந்த இளைஞரிடம் வேறொன்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதை வாசகர்களிடமும் மறைப்பதற்கில்லை.

நம் ஊரில் மழலையர் பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழுவில் நாம் நீண்ட காலம் இருந்து வருகிறோம். 2012ஆம் ஆண்டுக்கு முன் அப்பள்ளிக்குப் பழைய வேன் ஒன்று இருந்தது. இருக்கைகளுக்கு நடுவே பலகை ஒன்றைக் கூடுதலாகப் பூட்டி இன்னும் எட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தோம். டயர்களில் பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டும் நாள் வரும். அதற்கு முந்தைய நாள் பலகையைக் கழற்றிப் பள்ளியின் பின்கட்டில் வைப்பார்கள். டயர் கடையிலிருந்து நான்கு நல்ல டயர்களை ஒரு நாள் வாடகைக்கு வாங்கி மாட்டுவார்கள். தீயணைக்கும் கருவி ஓரிடத்திலிருந்தும் முதலுதவிப் பெட்டி வேறோரிடத்திலிருந்தும் வரும். மஞ்சள் வண்ணம் புதிதாய்ப் பளபளக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றிவந்து பார்த்துக் கையெழுத்திடுவார். மாலைக்குள் டயர் கடைக்குப் போய்விடும், பலகை உள்ளே வந்துவிடும். மாதக் கணக்கில் 'எஃப்.சி. செலவு' என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கணக்கின் கீழ் நம் கையெழுத்தும் இருக்கும்.

நாம் அறியாமல் நடந்ததன்று. குழுக் கூட்டத்தில் பேசியே முடிவு செய்தோம். புது டயர் வாங்கினால் வேன் கட்டணத்தைக் கூட்ட வேண்டும். பலகையை எடுத்துவிட்டால் எட்டுப் பிள்ளைகள் நின்றுவிடுவர். அவர்களுள் ஐவர் பெண் பிள்ளைகள். கடற்கரைத் தெருவிலிருந்து வருபவர்கள். இவையும் பொய்யான காரணங்கள் அல்ல. ஏழைகள் கல்வி பெறட்டும் என்றே செய்தோம். 'ளரூரத்' எனும் நிர்ப்பந்தத்தை நாமே மற்றவர்களுக்கு எடுத்துரைத்தோம் என்பதை நினைக்க இன்றும் நாணமாக இருக்கிறது. பசியால் உயிர் போகும் நிலையில் விலக்கப்பட்டதை உண்ண அனுமதி உண்டு. ஆனால் அங்கே அபாயத்தைச் சுமப்பவனும் உண்பவனும் ஒருவனே. இங்கே நிர்ப்பந்தம் எங்களுடையது, மொட்டை டயரின்மேல் அமர்ந்திருந்தவர்கள் பிள்ளைகள்.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அப்பாஸியக் காலத்து நீதிபதி மாவர்தீ (ரஹ்) அவர்கள் ஆட்சிநெறி பற்றி எழுதிய 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் முஹ்தஸிப் எனும் அதிகாரியின் கடமைகளைக் கூறுகிறார்கள். தாங்க இயலாத அளவு பாரம் ஏற்றும் மரக்கலக்காரரை அவர் தடுக்கலாம்; பெருங்காற்று வீசுகையில் கலம் செலுத்துவதையும் தடுக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. இதை நாம் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். பயணிகள் மனமுவந்து ஏறினார்களா, கூலி குறைவா என்ற விசாரணை அங்கே இல்லை. கலம் தாங்குமா என்பது ஒன்றே விசாரணை. பாடம் நடத்திய பிற்பகலிலேயே நாம் அந்தக் கணக்கில் கையெழுத்திட்டிருக்கவும் கூடும்.

2012 ஜூலையில் அந்தச் செய்தி வந்தது. சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே ஆறு வயதுச் சிறுமி சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. அவ்வாண்டே பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழக அரசு தனி விதிகளை வகுத்தது. நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு நாம் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். நம் வேனுக்கு அதுவரை ஒன்றும் நேரவில்லை. நேராதது நம் திறமையால் அன்று. அல்லாஹ்வின் கருணையால் மட்டுமே. அந்த வாரமே குழுவைக் கூட்டினோம். இரண்டு டயர்கள் உடனே வாங்கப்பட்டன. மற்ற இரண்டுக்கும் மேலும் நான்கு மாதங்களாயின. பலகையை எடுத்த அன்று மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டனர். அவர்களுள் ஒருத்தி மறுபடியும் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை என்று பின்னர் கேள்வியுற்றோம். இதை எந்தத் தராசில் நிறுப்பது என்பது இன்றுவரை நமக்கு விளங்கவில்லை.

சோதிப்போர் பக்கமும் ஒரு சொல் சொல்ல வேண்டும். சோதிப்பவர் சாட்சி, அவர் கையெழுத்து ஷஹாதத்தைப் போன்றது. நம் நாட்டில் புகைச் சான்றுக்குப் பெட்ரோல் கார்களில் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஆவியும், டீசல் கார்களில் புகையின் அடர்த்தியும் அளக்கப்படுகின்றன. ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தில் கண்ட நைட்ரஜன் ஆக்சைடு அதில் அளக்கப்படுவதே இல்லை. சோதனை முழுமையற்றது என்பது உண்மை. அதனினும் வருந்தத்தக்கது ஒன்றைக் கண்ணால் கண்டோம். நெடுஞ்சாலையோரம் ஒரு சோதனை நிலையத்தில் புகைக்குழாயினுள் கருவியை நுழைக்காமலே நண்பர் ஒருவருக்குச் சான்றுத்தாள் கொடுக்கப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றின் அருகே நின்றபோது, மேலே காய்ந்திருந்ததைப் பார்த்த அளவில் சென்றுவிடவில்லை. குவியலினுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை மேலே வைக்காமல் ஏன் அடியில் மறைத்தாய் என்றே வணிகரிடம் கேட்டார்கள். நனைந்தது அவர் குற்றமன்று. மழை எவருக்கும் பெய்யும்.

நம் வேன் கதையைக் கேட்டு முடித்த இளைஞர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மக்ரிபுக்கு பாங்கு ஒலித்தது. எழுந்து உளூச் செய்யச் செல்லும்போது, "நடுவரிடம் கொண்டுபோய்க் காட்டிப் பார்க்கிறேன் ஹஜ்ரத். தேறாவிட்டால் கன்வெர்ட்டரை நிரந்தரமாக மாட்டிவிடுகிறேன்" என்றார். வேகம் குறையுமே என்றோம். சிரித்தார். பிறகு வாசற்படியில் நின்று திரும்பி, "இப்போது உள்ள பள்ளி வேனுக்கு டயர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். இடக்காகக் கேட்டாரில்லை, பொறியாளர், மெய்யாகவே அறிய விரும்பினார்.

நம்மிடம் விடை இல்லை. மறுநாள் ஸுப்ஹு தொழுதுவிட்டுப் பள்ளி வளாகத்திற்குச் சென்றோம். டிரைவர் பாய் இன்னும் வந்திருக்கவில்லை. டயரின் பள்ளங்களுக்குள் தேய்மானக் குறியாகச் சிறு மேடு ஒன்று வைத்திருப்பார்கள். பட்டன் அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் எஞ்சியிருப்பது 1.6 மில்லிமீட்டர், மாற்றியே ஆக வேண்டும். குனிந்து ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தோம். முன் டயர்கள் இரண்டிலும் பள்ளம் நன்றாக இருந்தது. பின்னால் இடப்புற டயரில் விரலுக்குக் குறியும் பட்டனும் ஒரே மட்டமாகத் தட்டுப்பட்டன. எஃப்.சி.க்கு இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. அன்று மாலையே கூட்டம் வைக்குமாறு செயலாளருக்குச் சொல்லியனுப்பினோம்.